வாங்கு பேராண்டி, கொப்பியை மட்டும் கொளுத்தாத

வாங்கு பேராண்டி, கடைக்குக் கம்ப்யூட்டர் வாங்கு. வேணாம்னு நான் சொன்னா "கெழவனுக்கு என்ன தெரியும்"னு உங்கம்மா அடுப்படியில இருந்தே பதில் சொல்லுவா. அதுனால நானே முந்திக்கிறேன். வாங்கு. திரையைப் பெருசா பாரு, மாத்தளை பஸ்ல போறவன் ஜன்னல் வழியா எட்டிப் பார்த்தாலும் தெரியணும். பில் அடிக்கிற மெசின், பார்கோடு சுடுற துப்பாக்கி, நாலு மூலைக்கும் நாலு கேமரா, வாசல்ல கியூஆர் ஸ்டிக்கர், சாமி படத்துக்குப் பக்கத்துல வைஃபை பெட்டி, ஒண்ணு விடாம வாங்கு. கண்டியில இருந்து டை கட்டிக்கிட்டு ஒரு தம்பி வந்தாரே, அவர் குடுத்த கொட்டேசனை நானும் கண்ணாடி போட்டுப் பார்த்தேன். கடைசி வரியில "ட்ரெயினிங் இலவசம்"னு இருக்கு. அதுக்கு மேல இருக்கிற வரியெல்லாம் அந்த இலவசத்துக்கான விலை.

அந்தத் தம்பி லெப்டொப்பைத் திறந்து வச்சு உங்கப்பன்கிட்ட கேட்ட முதல் கேள்வி ஞாபகம் இருக்கா? "முதலாளி, ஐட்டம் லிஸ்ட் சொல்லுங்க." சீனி, பருப்பு, டின்மீன், சவர்க்காரம் வரைக்கும் உங்கப்பன் சரளமாச் சொன்னான். மிளகுன்னு வந்ததும் நின்னுட்டான். "மிளகு ஒரு ஐட்டந்தானே?"ன்னு தம்பி கேட்கிறாரு. அலவத்துகொட கடைத்தெருவுல நின்னு இதைக் கேட்கிறதுக்கு ஒரு தைரியம் வேணும். கொடியில இருந்து உருவின ஈரத்தோட வர்றது ஒரு மிளகு. ஒரு வெயில் மட்டும் பார்த்தது ஒரு மிளகு. அடுப்புக்கு மேல பரண்ல புகை குடிச்சுக் காஞ்சது ஒண்ணு. உள்ள ஒண்ணுமே இல்லாம பொக்காக் கெடக்கிறது ஒண்ணு. புள்ளைக்கு டியூசன் காசு கட்டணும்னு பாதிக் காய்ச்சல்ல அள்ளிக்கிட்டு ஓடி வர்றது இன்னொண்ணு. அதுக்கு உங்கப்பன் ஒரு விலை போடுவான் பாரு, அது எந்த லிஸ்ட்லயும் ஏறாது. கராம்பு, சாதிக்காய், வசவாசி, பாக்கு, கொக்கோன்னு போனா அந்தத் தம்பி இன்னைக்கும் இங்கேயே உட்கார்ந்து தட்டிக்கிட்டு இருப்பாரு.

உங்கப்பன் மிளகு வாங்குறதை நீ பக்கத்துல நின்னு பார்த்ததில்ல. பார்த்திருந்தா போன்ல பார்த்திருப்ப. சாக்கு வாயை அவிழ்த்ததும் மேல உள்ளதைத் தொடவே மாட்டான்; மேல உள்ளது காட்டுறதுக்குன்னே போட்டது. முழங்கை வரைக்கும் கையை விட்டு அடியில இருந்து ஒரு பிடி எடுப்பான். உள்ளங்கையில உருட்டுவான். ஊதுவான், பொக்கு பறக்கும். ரெண்டு மணியை எடுத்துக் கடைவாய்ப் பல்லுல வச்சுக் கடிப்பான். டக்குனு உடைஞ்சா காய்ச்சல் சரி, நசுங்கினா ஈரம். 12, 13 வீதத்துக்கு மேல ஈரம் நின்னா மூட்டைக்குள்ளயே பூஞ்சணம் பிடிக்கும்னு ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்து ஐயாமார் மீட்டர் வச்சுச் சொல்றதை, இவன் பல்லு வச்சுச் சொல்றான். அந்தப் பல்லுக்கு சொப்ட்வேர்ல ஒரு கட்டம் போடச் சொல்லு பேராண்டி. கட்டத்துக்குப் பேரு "கடி"ன்னு வையி.

கேலி ஒரு பக்கம் இருக்கட்டும். கம்ப்யூட்டருக்கு முன்னால ஒரு ஈர மீட்டர் வாங்கு. விலை அந்தக் கொட்டேசன்ல ஒரு சின்னப் பங்கு தான் வரும். அப்பன் கடிச்சுட்டு என்ன சொல்றான், மீட்டர் என்ன சொல்லுது, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல ஒரு கொப்பியில எழுதிக்கிட்டு வா. ஒரு சீசன் எழுது. அப்புறந்தான் உன் பெட்டிக்குள்ள போடுறதுக்கு உன்கிட்ட ஒரு விசயம் இருக்கும். இப்போ பெட்டி வந்தா அது "என்ன போடணும்"னு கேட்கும். நீ என் முகத்தைப் பார்ப்ப. நான் வெத்திலை மடிப்பேன்.

மெசின் வந்தா நியாயம் தானா வரும்னு நீ நெனைக்கிற. உன் தாத்தா தோட்டத்து ஆபீஸ்ல செக்ரோல், அதான் பேர், சம்பளக் கணக்கு, எழுதின ஆளு, மறந்துடாத. 75ல தோட்டங்களை அரசாங்கம் எடுத்ததையும் பார்த்தேன், 92ல கம்பெனிங்க கையில குடுத்ததையும் பார்த்தேன். தொரை மாறினாரு, போர்டு மாறுச்சு, செக்ரோல்ல கோடு மாறல. கொழுந்து மடுவத்துல அப்போ தொங்கின தராசு முள்ளுத் தராசு. முள்ளு நிக்கிறதுக்குள்ள சாக்கைத் தூக்கிருவாங்க. கிலோ என்னன்னு எழுதுறவனுக்கும் அந்த சாமிக்கும் தான் தெரியும். இப்போ சில கம்பெனித் தோட்டத்துல கரண்டுத் தராசு வந்திருச்சு, கார்டைக் காட்டினா பேரு விழுது, சிவப்பு எழுத்துல புள்ளி போட்டு ரெண்டு தசமம் வரைக்கும் கிலோ காட்டுது. ரொம்ப நேர்த்தி. 18.36ன்னு அது காட்டி முடிக்கும், பக்கத்துல நிக்கிறவரு "சாக்குக்கு, ஈரத்துக்கு"ன்னு ரெண்டு கிலோவை முழுசா வாயாலேயே கழிச்சிருவாரு. தசமம் மெசினோட பங்கு, கிலோ மனுசனோட பங்கு. நிறை குறைஞ்சா அரைப்பேர், அரை நாள் சம்பளந்தான். ரெண்டு கிலோ ஏன் கழியுதுன்னு கேட்கிற பட்டன் அந்தத் தராசுல எங்க இருக்குன்னு தேடிப் பாரு, நானும் தேடினேன்.

அதுக்காக மெசினே பொய்னு சொல்ற ஆளு இல்ல நான். லண்டன்ல ஜே. லயன்ஸ்னு ஒரு டீக்கடைக் கம்பெனி இருந்துச்சு. 1894ல பிக்காடிலியில முதல் கடை திறந்து, பிற்பாடு 200க்கு மேல கடை வச்சிருந்தாங்க. டீ, பன், கேக்கு. உலகத்துலயே யாவாரக் கணக்குக்குன்னு முதல் முதல்ல கம்ப்யூட்டர் ஓட்டினது எவன்னு நெனைக்கிற? பேங்குக்காரனா? கப்பல்காரனா? இந்தக் கேக்குக்காரன் தான். 1951 நவம்பர்ல, பேக்கரியில என்ன சுட்டாங்க, என்ன செலவு, என்ன மதிப்புங்கிற கணக்கை அது போட்டுச்சு. பேரு லியோ. ஒரு மண்டபம் நெறைய நின்னுச்சு, சுமார் 6,000 வால்வு. எப்படித் தெரியும்னு முழிக்காத. நீ தூங்கினப்புறம் உன் போன்ல மைக்கை அமுக்கித் தமிழ்ல கேட்டா அதுவும் தமிழ்லயே சொல்லுது. பாஸ்வேர்ட் உன் பொறந்த நாளுதானே. மத்தவன் கண்டுபிடிக்காத பாஸ்வேர்ட்.

அந்தக் கேக்குக்காரன் செஞ்ச வேலையைக் கேளு. கம்ப்யூட்டர்னு ஒண்ணு இருக்குன்னு தெரியிறதுக்கு முன்னாலயே, ஜான் சிம்மன்ஸ்னு கணக்குப் படிச்ச ஒரு மனுசனை வச்சு, ஆபீஸ்ல யாரு எதை எழுதுறா, எதுக்கு எழுதுறா, எழுதினதை யாராவது படிக்கிறாங்களான்னு வருசக்கணக்கா நோண்டிக்கிட்டே இருந்தாங்க. 1947ல ரெண்டு பேரை அமெரிக்காவுக்கு அனுப்பி அங்க ஆபீசுக்கு என்ன மெசின் வந்திருக்குன்னு பார்த்துட்டு வரச் சொன்னாங்க. வந்தவங்க "யாவாரத்துக்கு எவனும் செய்யல, நாமளே செய்வோம்"னாங்க. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துல கம்ப்யூட்டர் கட்டிக்கிட்டு இருந்தவங்களுக்குப் பணமும் ஒரு ஆளும் குடுத்துத் தொழிலைக் கத்துக்கிட்டு அதைப் பார்த்துத் தங்களுக்கு ஒண்ணைக் கட்டிக்கிட்டாங்க. கொட்டேசன் குடுக்க டை கட்டின தம்பி யாரும் வரல.

1954ல டீக்கடை ஓடரை லியோவுல ஏத்துனாங்க. இதைத்தான் நீ கவனிக்கணும். ஒவ்வொரு கடைக்கும், ஒவ்வொரு கிழமைக்கும், வழக்கமா இவ்வளவு பன், இவ்வளவு கேக்குன்னு ஒரு நிரந்தர ஓடர். தலைமை ஆபீஸ்ல இருந்து பொண்ணுங்க மத்தியானம் போன் எடுத்துக் கடை மேனேஜர் அம்மாகிட்ட "நாளைக்கு ஏதாவது மாத்தமா?"ன்னு கேப்பாங்க. அவ்வளவுதான். மாறினதை மட்டும் அட்டையில துளை போட்டு ஏத்துவாங்க. ராத்திரிக்குள்ள எவ்வளவு சுடணும், எந்த லொறியில எதை அடுக்கணும்னு கணக்கு வெளிய வந்துடும். முழு லிஸ்ட்டையும் தினம் எழுதச் சொல்லி அந்த அம்மாவைச் சாகடிக்கல. சம்பளக் கணக்கும் அதே வருசம் ஏறுச்சு. தேறின கிளாக்கர் ஒருத்தருக்கு ஒரு ஆளோட சம்பளம் போட 8 நிமிசம் ஆகுமாம். லியோ ஒண்ணரைச் செக்கன்ல போட்டுச்சாம். இதைக் கேட்டப்போ எனக்கு வயிறு எரிஞ்சது பேராண்டி. மாசக் கடைசியில லாம்பு வெளிச்சத்துல எத்தனை ராத்திரி உட்கார்ந்து கூட்டியிருப்பேன், அங்க ஒரு கேக்குக்காரன் என்னடான்னா... தேயிலை கலக்குற கணக்கும் பின்னால அதுலயே ஏறுச்சு. நம்ம பாட்டிமார் பறிச்ச கொழுந்தும் அந்தக் கணக்குக்குள்ள போயிருக்கலாம். அவங்க பேரு எந்த அட்டையிலயும் துளையாகியிருக்காது.

இப்போ உன் கடைக்கு வா. மேல லயத்துப் பக்கம் இருக்கிற சின்னக் கடைக்காரங்க வாராவாரம் நம்மகிட்ட தான் சாமான் எடுக்கிறாங்க. ஒவ்வொருத்தனும் வந்து நின்னு, மா அஞ்சு கிலோ, சீனி பத்து, தீப்பெட்டி ஒரு கட்டுன்னு போன வாரம் சொன்ன அதே பாட்டைப் பாடுறான். நீ ஒவ்வொருத்தனுக்கும் நிரந்தர லிஸ்ட் ஒண்ணு போட்டு வையி. வியாழக்கிழமை சாயங்காலம் வாட்சப்ல ஒரு குரல்: "அண்ணே, இந்த வாரம் ஏதாவது மாத்தமா?" வெள்ளிக்கிழமை ஓட்டோவுல ஏத்து. இதுக்குக் காசு எவ்வளவு ஆச்சு? ரீலோட் காசு. இதுதான் நீ படிச்ச படிப்புக்கு நான் போடுற முதல் மார்க்கு. பெரிய திரை வாங்கினா இந்த மார்க்கைத் திருப்பி எடுத்துருவேன்.

வாட்சப்னு சொன்னதும் உங்கப்பன் மூஞ்சி சுருங்குறதைக் கவனிச்சிருக்கியா? காரணம் இருக்கு. முன்ன கொழும்பு விலை கடைக்காரனுக்குத் தெரியும், தோட்டத்துக்காரனுக்குத் தெரியாது. அந்தத் தெரியாததுல தான் அக்குறணையில இருந்து மாத்தளை வரைக்கும் பாதி மாடி வீடு எழும்புச்சு. நம்ம வீட்டுக் கூரைத் தகரத்துலயும் அதுல ஒரு பங்கு இருக்கு, நான் ஏன் பொய் சொல்லணும். இப்போ பல்லு விளக்குறதுக்கு முன்னாலயே குரூப்ல விலை வந்துருது. மிளகு கொண்டாற ஆளு சாக்கை இறக்குறதுக்கு முன்னால போனை நீட்டுறான்: "முதலாளி, இன்னைக்கு இது." யாவாரியோட ரகசியத்தைத்தான் இந்த ஐடி முதல்ல ஏலம் போட்டுச்சு, அதுவும் நம்மளையே வாங்கச் சொல்லி. கேரளாவுல வடக்குக் கரையோரம் மீன்காரங்க படகுலயே செல்போன் எடுத்துக்கிட்டுப் போக ஆரம்பிச்சது 97க்கு அப்புறம். எந்தக் கரையில விலை இருக்குன்னு கடல்ல இருந்தே கேட்டுட்டு அங்க இறக்குனாங்க. ராபர்ட் ஜென்சன்னு ஒரு அமெரிக்கப் பேராசிரியர் அதை ஆராய்ஞ்சு 2007ல எழுதினாரு: மீன்காரன் லாபம் 8 வீதம் கூடுச்சு, வாங்கித் தின்றவன் குடுக்கிற விலை 4 வீதம் குறைஞ்சது. ரெண்டு பக்கமும் நல்லது. நடுவுல நின்ன ஆளைப் பத்தித்தான் எனக்குக் கவலை. பேராண்டி, அந்த ஆளு தான் உங்கப்பன்.

அதுனால விலையை மறைச்சுப் பொழைக்கலாம்னு நெனைக்காத. காலையில நீயே வாசல்ல போர்டுல எழுதிப் போடு. குரூப்லயும் நீயே போடு. விலை எல்லாருக்கும் தெரிஞ்சப்புறம் எதுக்கு உன் கடைக்கு வருவான்? தராசு நேரா இருக்கணும், காசு கைக்கு உடனே வரணும், பாதிக் காய்ச்சல் மிளகுக்கும் ஒரு நியாயம் இருக்கணும். இது மூணையும் மெசின்ல செய்ய முடியும்னா செய்யி, நான் கையைக் கட்டிக்கிட்டு வேடிக்கை பார்க்கிறேன்.

மெசினுக்கு எது போகும், எது போகாதுன்னு காட்ட கொழும்பு தேயிலை ஏலம் ஒரு நல்ல சங்கதி. 1883ல தொடங்கினது. தொண்டை கிழியக் கத்தி, சுத்தியல் தட்டி, 137 வருசம் அப்படியே நடந்துச்சு. கம்ப்யூட்டருக்கு மாத்துவோம்னு பேச்சு எழும்புறதும், "அதெல்லாம் சரிப்படாது"ன்னு பெரியவங்க தலையாட்டுறதும் வழக்கமா நடந்த காரியம். 2020ல கொரோனா வந்து ஊரை அடைச்சுது. ஏப்ரல் மாசமே ஏலம் இணையத்துக்குப் போயிருச்சு. அறிவு வந்து மாறல, அவசரம் வந்து மாறுச்சு. ஆனா ஒண்ணு கவனி. விலை கூப்பிடுறது திரைக்குப் போச்சே தவிர, டீயை உறிஞ்சி, வாய்க்குள்ள உருட்டி, துப்பிப் பார்க்கிற ஐயாவோட நாக்கு இன்னும் திரைக்குப் போகல. உங்கப்பன் பல்லும் அந்த நாக்கும் ஒரே வர்க்கம்.

இனி கடன் கொப்பிக்கு வர்றேன். இங்க தான் நீ விழப்போற. லாச்சிக்குள்ள சிவப்பு மட்டை போட்ட சீஆர் கொப்பி ஒண்ணு இருக்குல்ல, ஓரமெல்லாம் தேங்காய் எண்ணெய் பட்டு? அதைத் திறந்து ஒரு பக்கம் படிச்சுப் பாரு. ஒரு ஆளோட முழுப் பேரும் இருக்காது. "மேட்டு வீட்டு அக்கா", "பாலத்தடி ஓட்டோ", "கண்ணாடி மாஸ்டர்", "பழைய கண்ணாடி மாஸ்டர்". தொகைக்குப் பக்கத்துல சில இடத்துல வட்டம் போட்டிருப்பான். மிளகு இறங்குற வரைக்கும் கேட்கக் கூடாதுன்னு அர்த்தம். ரெண்டு கோடு இழுத்திருந்தா, கேட்டாச்சு, அழுதாங்க, விட்டாச்சு. ஒரு இடத்துல தொகையே இல்லாம வெறும் பேரு மட்டும் இருக்கும். அது நம்ம கடன். அவங்க கையில இருந்து நாம கை நீட்டி வாங்கினது.

சொப்ட்வேர் தம்பி என்ன கேட்பாரு? வாடிக்கையாளர் பேரு, அடையாள அட்டை நம்பர், போன் நம்பர், தவணை 30 நாள். மேட்டு வீட்டு அக்கா எத்தனையோ வருசமா இந்தக் கடையில அரிசி வாங்குறா. அவகிட்டப் போய் "அக்கா, அடையாள அட்டையைக் காட்டுங்க"ன்னு கேளு, அவ எதைக் காட்டுறான்னு நீயே பார்த்துக்க. 30 நாளாம். மிளகுக் கொடிக்கு 30 நாள் கணக்குத் தெரியுமாடா? அது மழையைப் பார்த்துப் பூக்குது.

இன்னொரு வசதி சொன்னாரே, கடன் பாக்கி இருந்தா தானா எஸ்எம்எஸ் போகுமாம். அருமையான வசதி. அதுவும் இங்கிலீஷ்ல. கண்ணாடி மாஸ்டர் ஒரு சாவு வீட்டுல பாயில உட்கார்ந்திருப்பாரு, போன் கீக்குன்னு கத்தும். "டியர் கஸ்டமர்"னு வந்திருக்கும். மேட்டு வீட்டு அக்காவுக்கு வந்தா அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது, பள்ளிக்கூடத்து டீச்சர் வீட்டுக்குப் போய் "என்னான்னு படிச்சுச் சொல்லு புள்ள"ன்னு நீட்டுவா. டீச்சர் படிக்கிறப்போ வேலிக்கு அந்தப் பக்கம் மூணு காது இருக்கும். சாயங்காலத்துக்குள்ள அக்கா வளையலை அடகு வச்சாவது காசைக் கொண்டாந்து மேசையில விட்டெறிஞ்சிட்டு, அக்குறணையில போய் அரிசி வாங்குவா. கடன் வசூல் ஆயிருச்சுன்னு கம்ப்யூட்டர் பச்சை விளக்குக் காட்டும். அக்கா போயிட்டாங்கிறதைக் காட்டுற விளக்கு அதுல இல்ல.

கடனைக் கம்ப்யூட்டர்ல ஏத்தாதன்னு நான் சொல்லல. ஏத்து. அந்த வட்டத்தையும் ரெண்டு கோட்டையும் போட ஒரு கட்டம் கேளு. தரமாட்டேன்னா கொட்டேசன்ல பத்து வீதம் குறைக்கச் சொல்லு. குறைப்பாரு.

கியூஆர் மேல எனக்கு மரியாதை உண்டு. 2022ல பெற்றோலுக்கு நாள்கணக்கா வரிசையில கெடந்தோமே, நீ கூட கேனைத் தூக்கிக்கிட்டுத் திரிஞ்ச. பொலிஸ் வந்து பார்த்துச்சு, ஆர்மி வந்து பார்த்துச்சு, வரிசை குறையல. அந்த ஆகஸ்ட்ல கியூஆர் பாஸை நாடு முழுக்க ஆக்குனாங்க. மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீட்டர், ஓட்டோவுக்கு 5, காருக்கு 20. கொஞ்ச நாள்லயே வரிசை சுருங்கிப் போச்சு. ஏன் சரி வந்துச்சு தெரியுமா? அந்த அமைப்பு கேட்ட கேள்வி ஒண்ணே ஒண்ணு: இந்த வண்டி இந்த வாரம் எவ்வளவு அடிச்சுச்சு? ஐட்டம் லிஸ்ட், ரிப்போர்ட், கலர் கலரா வட்டப் படம் ஒண்ணும் கேட்கல. நம்ம ஆளுங்க சும்மா இருந்தாங்களா? கொல்லையில கோழி அடைகாத்துக்கிட்டு இருந்த காருக்கும் கியூஆர் எடுத்தான். அது வேற கதை. கோழிக்கு 20 லீட்டர்.

அடுத்தது கரண்டு. நீ சிரிப்ப. 2022 மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வெட்டுனாங்க, உனக்குத் தெரியும். அப்புறம் 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறையில உப மின் நிலையத்துல ஒரு குரங்கு ஏறுச்சு, நாடே இருட்டாச்சு. மந்திரியே சொன்னாரு குரங்குன்னு. அந்த ஒத்தைக் குரங்கு அங்க செஞ்சதுன்னா, நம்ம கடைக் கூரையில காலையில வர்ற கூட்டத்தை நெனைச்சுப் பாரு. கராம்பைத் தின்னாது, வயரைக் கடிக்கும். அதுனால கரண்டு போனா ஒரு மணித்தியாலம் தாங்குற பட்டரி ஒண்ணு வாங்கு, கார்பன் வச்ச பில் புத்தகம் ஒரு கட்டு லாச்சியில எப்பவும் கெடக்கட்டும். கம்ப்யூட்டர் தூங்குறப்போ மனுசன் சாமான் வாங்காம நிக்க மாட்டான்.

பேக்கப் விசயம் அதுக்கும் மேல. பெரியவங்க செஞ்சதைப் பார்த்துப் படிச்சுக்க. 2023 ஆகஸ்ட்ல நம்ம அரசாங்கத்துக் கிளவுட்ல எவனோ கை வச்சுப் பூட்டுப் போட்டுட்டான். மே 17ல இருந்து ஆகஸ்ட் 26 வரைக்கும் அதுல இருந்த அரசாங்க ஈமெயில் போனது போனதுதான். அந்த மூணு மாசத்துக்கு நகல் இல்ல. அமைச்சரவை ஆபீஸ் வரைக்கும் அடி. கிளவுட்னா மேகந்தானே, மேகம் கலையாதான்னு கேட்டா நீ என்னைக் கிண்டல் பண்ணுவ, கேட்கல. நீ தினம் ராத்திரி கணக்கை ஒரு பெண்டிரைவ்ல எடுத்து வீட்டுக்குக் கொண்டு வா. பெட்டியைத் தரையில வைக்காத. பிங்கா ஓயா ஆறு பெருகினா அக்குறணைக் கடைக்காரங்க சாமானை மேல்மாடிக்கு ஏத்துற வேகத்தைப் போய்ப் பாரு, அவங்க எந்த உசரத்துல எதை வைக்கிறாங்கன்னு படிச்சுக்கிட்டு வா. அந்தப் பாடத்துக்கு டிப்ளோமா குடுக்க மாட்டாங்க. பாஸ்வேர்டையும் மாத்து. மாத்திட்டு என்கிட்ட மட்டும் சொல்லு.

தமிழ்ல பில் வருமான்னு நான் கேட்டப்போ அந்தத் தம்பி சிரிச்சாரு. அடிச்சுக் காட்டுனாரு, மிளகுன்னு வர வேண்டிய இடத்துல நாலு சதுரப் பெட்டி வந்துச்சு. "பொண்ட் பிரச்சினை ஐயா"ன்னாரு. நான் ஒண்ணும் பேசல. மாலபேயில இருந்துச்சே மில்லேனியம் ஐடின்னு ஒரு கம்பெனி, அதை 2009ல லண்டன் பங்குச் சந்தையே மூணு கோடி டொலர் குடுத்து வாங்குச்சு. 2011ல இருந்து லண்டன்காரன் பங்கு வாங்குறதும் விக்கிறதும் நம்ம நாட்டுப் புள்ளைங்க எழுதின சொப்ட்வேர்ல தான். அங்க ஒரு செக்கனை எத்தனையோ ஆயிரமா நறுக்கிக் கணக்குப் போடுறாங்க. அலவத்துகொடயில ஒரு மெசினுக்கு "ளகு" எழுத வரல. வராத ஒண்ணு இல்ல, எவனும் கேட்கல. நீ கேளு. தமிழும் சிங்களமும் வர்ற பில் இல்லேன்னா அட்வான்ஸ் இல்லன்னு சொல்லு. மிளகு கொண்டாற மாத்தயாவும் தன் பில்லைத் தானே படிக்கணும்ல. படிக்க முடிஞ்ச பில்லுல தான் சண்டை குறையும். சண்டை கொஞ்சம் கூடினாலும் நல்லது தான், நம்ம தராசு நேரா இருந்தா.

பேசறப்போ ஒண்ணு ஞாபகம் வந்துச்சு, மெதுவாச் சொல்றேன், அந்தக் கதவைச் சாத்து. இந்தத் தெருவுல ரெண்டு கொப்பி வைக்கிறவங்க இருக்காங்க. ஒண்ணு வீட்டுக்கு, ஒண்ணு இறைவரிக்கு. 2024 ஜனவரியில வற் வரி 18 வீதம் ஆனப்புறம் அந்த ரெண்டாவது கொப்பி ரொம்ப ஒல்லியாயிருச்சுன்னு கேள்வி. அவங்களுக்கெல்லாம் கம்ப்யூட்டர்னா வயித்தைக் கலக்கும். அதுல அழிச்சாலும் அழிச்சது யாரு, எத்தனை மணிக்குன்னு எழுதி வச்சுக்குமாம். ரெண்டு கொப்பிக்காரன் ரெண்டு கம்ப்யூட்டர் வாங்கணும், ரெண்டு பாஸ்வேர்ட் வைக்கணும், எதுல எந்தப் பொய் இருக்குன்னு ஞாபகம் வச்சுக்க மூணாவதா ஒரு கொப்பி வாங்கணும். உங்கப்பன் ஒரே கொப்பிக்காரன். நல்லவன்கிறதால இல்ல, சோம்பேறிங்கிறதால. அதுவும் யாவாரத்துல ஒரு முதல்.

சரி, தொடங்குற நாளை நான் பார்த்துத் தர்றேன். தொடங்கினதும் கொப்பியை வீசிராத. ஒரு சீசன் முழுக்கக் கொப்பியும் ஓடட்டும், பெட்டியும் ஓடட்டும். ராத்திரி ரெண்டையும் கூட்டிப் பாரு. ஒத்து வரலேன்னா முதல்ல மெசினைத் திட்டாத, கொப்பியையும் திட்டாத. அன்னைக்கு மத்தியானம் யாரு கடையில இருந்தான்னு பாரு. செக்ரோல் காலத்துல இருந்து எனக்குத் தெரிஞ்ச ஒரே ஆடிட் அதுதான்.

அந்தத் தம்பி "ஓப்பனிங் பேலன்ஸ்"னு ஒண்ணு சொன்னாரே, தொடங்குற அன்னைக்கு ஆளாளுக்கு என்ன பாக்கி நிக்குதுன்னு கொப்பியில இருந்து பார்த்துப் பெட்டியில ஏத்தணுமாம். நல்ல முறை. நீ வரிசையா ஏத்திக்கிட்டே வா. கடைசிப் பக்கத்துக்கு முந்தின பக்கத்துல, மூலையில, "பெரியவர்"னு ஒரு பேரு இருக்கும். வெத்திலை, சுருட்டு, கண்டி பஸ் காசு, அப்படிச் சில்லறையா நிக்கும். ரெண்டு மூணு வருசமா உங்கப்பன் கூட்டிப் பார்க்கல, வட்டம் போட்டு வச்சிருக்கான். அந்தப் பேரை மட்டும் பூச்சியத்துல தொடங்கு. எஸ்எம்எஸ் வசதியையும் அந்த நம்பருக்கு அமுக்கி வச்சிரு. செஞ்சேன்னா, பெட்டி வாங்குறதுக்கு உங்கம்மாகிட்ட நான் பேசுறேன்.